தப்பு என் மேல்தான்: கட்டபெட்டு வளைவில் ஸ்கூட்டரை இடித்துவிட்டேன், இன்சூரன்ஸுக்குச் சொல்வதா வேண்டாமா?

பனிமூட்டம் (கோத்தகிரி), ஞாயிறு காலை 6:40

வணக்கம். பல வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது முதல் முறை. நேற்று சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஊட்டியிலிருந்து கோத்தகிரி திரும்பும்போது கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் ஸ்கூட்டரை இடித்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனி இறங்கிப் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முன்னால் கொழுந்து மூட்டை ஏற்றிய பிக்கப் ஊர்ந்துகொண்டிருந்தது. பொறுமை இல்லாமல் வெளியே எடுத்தேன். எதிரே ஏற்றத்தில் ஸ்கூட்டர் வந்தது. பிரேக் மிதித்தேன், ஈரத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போய் ஸ்கூட்டரைத் தட்டி, ஓரத்துத் தடுப்புச் சுவரில் முட்டித்தான் நின்றது.

ஸ்கூட்டரில் வந்தவருக்கு 38 வயது, தேயிலை ஃபேக்டரியில் வேலை. காறை எலும்பு முறிந்திருக்கிறது, மணிக்கட்டிலும் அடி. 108 வந்து கோத்தகிரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது, ராத்திரியே கோவைக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய ஹெல்மெட் ரோட்டில் உருண்டு கிடந்ததை யாரோ எடுத்து என் டிக்கியில் போட்டிருக்கிறார்கள். காரை விட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் பார்த்தேன், வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது திண்ணையில் இருக்கிறது. அதைப் பார்க்கவே முடியவில்லை.

கூட்டம் சேர்ந்தது. ஒருவர் பஞ்சாயத்துப் பண்ண வந்தார். "கேஸ் கீஸ் எதற்கு, இருபதாயிரம் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். கையில் இருந்த 5,000 கொடுத்தேன், மீதியைத் திங்கட்கிழமை தருவதாக ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் போலீசுக்குப் போகவில்லை. மச்சான் போகவே வேண்டாம் என்கிறார்.

கார் ஆறு வருடப் பழசு, 1200 சிசி பெட்ரோல். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காமல் தருவது) இல்லை. இதுவரை ஒரு க்ளெய்மும் போட்டதில்லை, நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி) 50 சதவீதத்தில் நிற்கிறது. முன்பக்கம் நொறுங்கி, பக்கத்து டீக்கடை ஷெட்டில் நிற்கிறது. தப்பு என் மேல் என்றால் இன்சூரன்ஸ் தருவார்களா? இல்லை, இருபதாயிரத்தோடு முடித்துக்கொள்வதா?

கையிருப்பு (குன்னூர்), ஞாயிறு காலை 7:15

மச்சான் சொல்வதைக் கேளுங்கள். இருபதாயிரம் என்பது இன்றைக்குப் பெரிய தொகையே இல்லை. நான் இரண்டு முறை இப்படித்தான் முடித்தேன். ஸ்டேஷன், கோர்ட் என்று அலைந்தால் வண்டியும் போகும், வேலையும் போகும். ஒரு பத்திரத்தில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

பழைய சர்வேயர் (கோவை), ஞாயிறு காலை 8:05

தம்பி பனிமூட்டம், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். சாயங்காலம் ஐந்தரைக்குள் ஸ்டேஷனுக்குப் போய்விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய், சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவி என்று டிரைவர் மேல்தான் கடமையை வைக்கிறது. போலீசுக்குத் தெரியாமல் இருக்கும் என்ற நினைப்பே வேண்டாம். அரசு மருத்துவமனையில் விபத்துக் கேஸ் என்று சேர்த்த நிமிஷமே ஏஆர் (விபத்துப் பதிவு) போட்டிருப்பார்கள், அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருக்கும். நீங்களாகப் போனால் நீங்கள் சொன்னவர். அவர்கள் தேடி வந்தால் நீங்கள் ஓடியவர்.

தப்பு உங்கள் மேல் என்பதால் பணம் வராது என்று பயப்படுகிறீர்கள். இன்சூரன்ஸ் இருப்பதே அதற்காகத்தான். உங்கள் பாலிசிக்குள் இரண்டு தனி வண்டி ஓடுகிறது. ஒன்று தேர்ட் பார்ட்டி: நீங்கள் அடித்த ஆளுக்கும் அவர் பொருளுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கம்பெனி கொடுக்கும். சட்டப்படி கட்டாயம் இதுதான். மற்றது ஓன் டேமேஜ்: உங்கள் தகரத்துக்கு. கவனக்குறைவு இரண்டுக்குமே தடை இல்லை. கவனக்குறைவே செய்யாதவனுக்கு எதற்கு இன்சூரன்ஸ்? குடித்திருந்தால், லைசென்ஸ் இல்லாமல் இருந்தால், வொயிட் போர்டில் (சொந்த உபயோக வண்டியில்) ஆள் ஏற்றி வாடகை வாங்கியிருந்தால் கதை வேறு. அந்த மாதிரி ஏதாவது உண்டா?

பனிமூட்டம், ஞாயிறு காலை 8:20

இல்லை சார். குடிப்பழக்கம் இல்லை. லைசென்ஸ் 2031 வரை இருக்கிறது. காரில் நானும் என் அம்மாவும்தான். அம்மாவுக்கு முழங்காலில் லேசான வீக்கம்.

பழைய சர்வேயர், ஞாயிறு காலை 8:50

அம்மாவையும் மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கிவிடுங்கள். ஃபுல் பாலிசியில் சொந்தக் காரில் உடன் வருபவருக்கும் பொறுப்பு உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டவர்களுக்கு அது இல்லை, பலர் மகனோ மாமாவோ அடிபட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஓட்டிய உங்களுக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு, அது உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான். வீங்கிய விரலுக்குக் கிடையாது.

அப்புறம் அந்த வெள்ளைத்தாள். நிலையான மோட்டார் பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ, கொடுப்பதோ கூடாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு மனிதாபிமானத்தில் 5,000 கொடுத்தீர்கள், சரி, யாரும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் திங்கட்கிழமை மீதியைக் கொடுத்து "முடித்துக்கொள்ள" வேண்டாம். அந்தப் பஞ்சாயத்துக்காரர் யார், அடிபட்டவருக்கு என்ன வேண்டும் என்பதையும் விசாரியுங்கள்.

லவ்டேல் அக்கா, ஞாயிறு காலை 9:30

கையிருப்பு தம்பிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் அந்தப் பக்கத்தில் இருந்தவள்.

நாலு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரரை ஒரு கார் தட்டியது. அவரும் நல்ல மனிதர்தான், இறங்கி வந்து பதினைந்தாயிரம் கொடுத்தார், எழுதிக் கையெழுத்து வாங்கினார். அன்றைக்குக் கால் வீக்கம்தான் என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து ஸ்கேனில் முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்தது தெரிந்தது. ஆபரேஷன், மூன்று மாதம் வேலை இல்லை. அந்தப் பதினைந்தாயிரம் ஆம்புலன்ஸுக்கும் கோவையில் ரூம் வாடகைக்கும் போதவில்லை. திரும்ப அவருக்கு போன் செய்தால் "எழுதிக் கொடுத்தீர்களே" என்றார். அவர் கார் இன்சூரன்ஸ் உயிரோடுதான் இருந்தது. அதைக் கூப்பிட வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து முடிவு செய்தோம். யாருக்கு லாபம்? அவர் கம்பெனிக்கு மட்டும்தான்.

பிறகு ஊட்டியில் வக்கீல் வைத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம், கிடைத்தது. ஆனால் அந்த ஒன்றரை வருடம் கடனில் ஓடியது.

கோர்ட்டோரம் (ஊட்டி), ஞாயிறு காலை 10:10

அக்கா சொன்னதற்குச் சட்டப் பக்கம் ஒரு ஒட்டு. "உரிமை கோர மாட்டேன்" பத்திரம் இழப்பீட்டு மனுவுக்குப் பூட்டு இல்லை. கொடுத்த தொகையைக் கழித்துக்கொள்ள உதவலாம், அவ்வளவுதான். குற்ற வழக்கையும் அது நிறுத்தாது. 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த விபத்து என்பதால் பாரதிய நியாய சன்ஹிதா 281, அதாவது அஜாக்கிரதையாக ஓட்டியது. எலும்பு முறிவு கொடுங்காயம், எனவே 125 (பி). பழைய ஐபிசி 279, 338 என்று தாத்தா காலத்திலிருந்து கேட்டதுதான், நம்பர் மாறியிருக்கிறது. ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள், ஸ்டேஷனிலேயே விடுவார்கள். பயந்து ஓடுவதற்கு ஒன்றும் இல்லை.

இருபதாயிரம் ஏன் அபத்தம் என்று கணக்கில் காட்டுகிறேன். அவருக்கு மாதம் 15,000 சம்பளம் என்று வையுங்கள். கை பழையபடி தூக்க முடியாமல் போய், சம்பாதிக்கும் திறனில் 10 சதவீதம் குறைந்ததாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், வருடம் 1,80,000, வயது 38க்குப் பெருக்கெண் (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற எண்) 15, ஆக 27 லட்சம், அதில் 10 சதவீதம் 2,70,000. இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேலை இல்லாத மாதங்கள், வலிக்கு, உதவிக்கு இருந்தவருக்கு. அந்தப் பெருக்கெண் அட்டவணை 2009இல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்தது, 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உறுதியானது. எலும்பு நன்றாகச் சேர்ந்து ஊனமே இல்லை என்றால் தொகை குறையும். எப்படிப் பார்த்தாலும் இது உங்கள் பாக்கெட்டிலிருந்து கொடுக்கிற விஷயம் இல்லை. உடலுக்கு ஏற்படும் காயத்துக்குத் தேர்ட் பார்ட்டியில் உச்சவரம்பு கிடையாது, தீர்ப்பாயம் சொல்வதுதான். பொருள் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் வரம்பு. நீங்கள் முட்டிய தடுப்புச் சுவரும் ஸ்கூட்டரும் அதில்தான் வரும்.

கையிருப்பு, ஞாயிறு காலை 10:40

சரி, எலும்பு முறிந்தால் நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய இரண்டும் பம்பர் உரசல்தான். ஆனால் அதற்கும் க்ளெய்ம் போடச் சொல்வீர்களா?

பழைய சர்வேயர், ஞாயிறு பகல் 12:00

சொல்ல மாட்டேன். ஆளுக்கு அடி என்றால் ஒளிக்கக் கூடாது, தகரத்துக்கு அடி என்றால் பென்சில் எடுத்துக் கணக்குப் போட வேண்டும். முப்பது வருடம் இதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன், பாதிப்பேர் தலைகீழாகச் செய்தார்கள். பம்பர் கீறலுக்கு ஓடி வருவார்கள், ஆளை இடித்தால் ஒளிப்பார்கள்.

பென்சில் கணக்கு இது. பனிமூட்டத்தின் ஓன் டேமேஜ் பிரீமியம் போனஸ் கழிப்பதற்கு முன் 9,000 என்று வைப்போம். 50 சதவீத போனஸில் 4,500 கட்டுகிறார். ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45, 50 என்று மறுபடி ஏற வேண்டும். அதாவது ஐந்து வருடத்தில் விட்டுக்கொடுப்பது 50, 30, 25, 15, 5 சதவீதம், மொத்தம் 125 சதவீதம், 11,250 ரூபாய். வருடத்துக்கு வருடம் பிரீமியம் இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆக எட்டு, பத்தாயிரத்துக்குள் கைக்கு வரும் க்ளெய்ம் என்றால் விட்டுவிடுவது லாபம்.

முக்கியமான ஒன்று: தேர்ட் பார்ட்டி க்ளெய்ம் வந்தால் இந்த போனஸ் போகாது. போனஸ் ஓன் டேமேஜோடு மட்டும் கட்டப்பட்டது. "போனஸ் போய்விடும்" என்று பயந்து அடிபட்டவரைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறவர்கள் இல்லாத பேய்க்குப் பயப்படுகிறார்கள்.

மஞ்சபோர்டு (கூடலூர்), ஞாயிறு பகல் 12:35

அண்ணா, வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிக்கப்பை முந்தினேன் என்று ஏன் எழுதுகிறீர்கள்? பனியில் தெரியவில்லை, ஸ்கூட்டர் நடுவில் வந்தது என்று சொல்லிவிட்டுப் போகலாமே. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் ஃபாரம் நிரப்புகிறார்கள். எதிரே காட்டுமாடு வந்தது என்று எழுதினால் இன்னும் நல்லது, நீலகிரியில் யார் மறுக்கப் போகிறார்கள்?

பழைய சர்வேயர், ஞாயிறு பகல் 1:10

காட்டுமாடு! தம்பி, என் சர்வீசில் குன்னூர் ரோட்டிலும் கோத்தகிரி ரோட்டிலும் எழுதப்பட்ட காட்டுமாடுகளை வரிசையாக நிறுத்தினால் பர்லியாறு வரை நிற்கும்.

ஒரு கேஸ் சொல்கிறேன். மாடு முட்டியது என்று ஃபாரம். போய்ப் பார்த்தால் வலது முன் ஃபெண்டரில் இடுப்பு உயரத்துக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டடியில், நீளவாக்கில் கோடு. கோட்டுக்குள் நீல பெயின்ட் ஒட்டியிருக்கிறது. மாடு என்றால் பானெட் மேலே குழி விழும், மயிர் சிக்கும், கண்ணாடி உள்பக்கம் சரியும். நகத்தால் சுரண்டி அந்த நீலத்தை ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, "எந்த மாடு சார் நீலக் கலரில் இருக்கும்?" என்று கேட்டேன். ஆள் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலே அந்தக் க்ளெய்ம் கிடைத்திருக்கும். பொய் சொன்னதால் போனது. தவறான தகவல் பாலிசியையே கொன்றுவிடும்.

முந்தினேன் என்பதை நடந்தபடி எழுதுங்கள். "தப்பு என்னுடையது" என்ற தீர்ப்பை மட்டும் எழுத வேண்டாம், அது தீர்ப்பாயத்தின் வேலை.

மஞ்சபோர்டு, ஞாயிறு பகல் 1:25

சரிங்க சார், மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

பட்டறைவாசி (மேட்டுப்பாளையம்), ஞாயிறு மாலை 4:00

நான் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன், மலையிலிருந்து இறங்குகிற பாதி வண்டி எங்களிடம்தான் வரும். மூன்று விஷயம்.

காரை டீக்கடை ஷெட்டிலிருந்து இப்போதைக்கு அசைக்காதீர்கள். போலீஸ் கேஸ் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அவர் பார்ப்பதற்கு முன் நாங்கள் ஒரு போல்ட்டைத் தொட்டாலும் உங்களுக்குத்தான் தலைவலி. முன்னும் பின்னும், நம்பர் பிளேட் தெரிய, சுவரோடு சேர்த்து போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம். ரேடியேட்டர் ஒழுகியிருந்தால் இன்ஜின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும், விபத்துக்குப் பிறகு ஓட்டி வந்த சேதத்தைக் கம்பெனி தராது.

அப்புறம் கிரேன். கட்டபெட்டிலிருந்து இங்கே இறக்க ஐந்து, ஆறாயிரம் கேட்பான், மழை நேரத்தில் இன்னும் மேலே. பாலிசியில் காருக்கு இழுவைச் செலவு என்று கொடுப்பது 1,500தான். அந்தத் தொகையை வைத்தவர் மலையைப் பார்த்ததே இல்லை போல. ரோட் சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசி பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், எடுத்திருந்தால் அவர்கள் வண்டி அனுப்புவார்கள்.

மூன்றாவது, பம்பர் டு பம்பர் இல்லாததால் தேய்மானம் பிடிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்குப் பாதி. கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. இரும்புக்கு வண்டி வயசைப் பொறுத்து, உங்களுக்கு ஐந்திலிருந்து பத்து வருடம் என்றால் 40 சதவீதம். ஹெட்லைட் என்று நீங்கள் சொல்வதெல்லாம் இப்போது பிளாஸ்டிக்தான், அதில்தான் எல்லாரும் சண்டைக்கு வருவார்கள்.

பனிமூட்டம், ஞாயிறு இரவு 8:45

நாலரைக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். நினைத்த மாதிரி யாரும் கத்தவில்லை. ஒரு ஏட்டய்யா எழுதி வாங்கினார். அடிபட்டவர் பக்கத்திலிருந்து ஏற்கெனவே தகவல் வந்திருந்தது, எஃப்ஐஆர் நாளைக்குள் போடுவோம் என்றார். லைசென்ஸ், ஆர்சி, பாலிசி நகல் கொடுத்தேன். கம்பெனியின் டோல் ஃப்ரீ நம்பரில் சொல்லி க்ளெய்ம் நம்பர் வாங்கினேன், அதையே மெயிலிலும் அனுப்பிவிட்டேன். ரோட் சைடு அசிஸ்டன்ஸ் எடுக்கவில்லை. போன வருடம் 200 ரூபாய் மிச்சம் என்று நானே டிக்கை எடுத்தது ஞாபகம் வருகிறது.

அந்தப் பஞ்சாயத்துக்காரர் அடிபட்டவருக்குச் சொந்தமே இல்லை. 5,000இல் 2,000தான் அடிபட்டவர் மனைவி கையில் போயிருக்கிறது.

லவ்டேல் அக்கா, ஞாயிறு இரவு 9:05

எனக்கு ஆச்சரியமே இல்லை. தம்பி, அந்த வீட்டுக்கு ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்கள்: நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசச் சிகிச்சை உண்டு. 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். எங்கள் நேரத்தில் இது எங்களுக்குத் தெரியாமல் போனது.

கோர்ட்டோரம், ஞாயிறு இரவு 9:30

2022 ஏப்ரலிலிருந்து போலீசுக்கும் கெடு இருக்கிறது: 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்கும் கம்பெனிக்கும் போக வேண்டும், விரிவான அறிக்கை 90 நாளில். அடிபட்டவர் மனு போட ஆறு மாதம். ஊட்டியில்தான் போட வேண்டும் என்பதில்லை, அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

ஹெல்மெட் என்று எழுதியிருந்தீர்களே. எந்த நிலையில் இருக்கிறது?

பனிமூட்டம், ஞாயிறு இரவு 9:40

இடது பக்கம் காதுக்கு மேலே ஒரு விரிசல், கருப்பு பெயின்ட் உரிந்து உள்ளே வெள்ளைத் தெர்மாகோல் தெரிகிறது. கொக்கி அறுந்திருக்கிறது. பின்பக்கம் பிள்ளைகள் ஒட்டும் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஏன் கேட்கிறீர்கள்?

கோர்ட்டோரம், ஞாயிறு இரவு 9:55

கம்பெனி வக்கீல் முதலில் எடுக்கும் வாதமே "ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட் போடவில்லை, அவருக்கும் பங்கு உண்டு, தொகையைக் குறைக்க வேண்டும்" என்பதுதான். காறை எலும்புக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எடுப்பார்கள். அந்த விரிசல் விழுந்த ஹெல்மெட் அவருடைய சாட்சி. உங்களிடம் இருப்பது நல்லதில்லை, தொலைந்தால் அதைவிட மோசம். ஸ்டேஷனில் சொல்லிவிட்டு அவர் வீட்டில் கொடுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு.

கையிருப்பு, ஞாயிறு இரவு 10:10

அவர் கம்பெனிக்கு எதிராக அவரே சாட்சி கொடுக்க வேண்டுமா? அது தொலைந்தால் பனிமூட்டத்துக்கு என்ன நஷ்டம்?

பழைய சர்வேயர், ஞாயிறு இரவு 10:20

அவருக்கு நஷ்டம் இல்லை. அதனால்தான் அது அவர் திண்ணையில் இருக்கக் கூடாது.

பனிமூட்டம், 9 நாள் கழித்து, செவ்வாய் இரவு 7:30

விசாரித்தவர்களுக்கு நன்றி. நடந்தது வரை எழுதுகிறேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வந்தார். பெடலை மிதித்து, டயர் பட்டன் பார்த்து, கால் மணி நேரத்தில் முடித்தார். இயந்திரக் கோளாறால் நடந்த விபத்து இல்லை என்று ரிப்போர்ட். கிரேனுக்கு 6,000. மேட்டுப்பாளையத்தில் சர்வேயர் வந்து பார்த்தார், இளம் வயசுப் பையன், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். பட்டறை பில் மொத்தம் 53,000. அவர் கொடுத்த பிரிப்பு:

பம்பர் 6,400, கொடுப்பது 3,200
ஹெட்லைட் 8,800, கொடுப்பது 4,400
ஃபெண்டர் 3,500, கொடுப்பது 2,100
பானெட் 7,500, கொடுப்பது 4,500
முன் கண்ணாடி 6,800, முழுசும்
வேலைக்கூலி 8,000, முழுசும்
பெயின்ட் 12,000, கொடுப்பது 10,500

கூட்டினால் 39,500. அதில் கட்டாயக் கழிவு 1,000 போக 38,500. கிரேனுக்கு 1,500. ஆக 59,000 செலவில் 40,000 அவர்கள், 19,000 நான். போனஸ் போகும் என்று தெரிந்தேதான் போட்டேன், பென்சில் கணக்கில் அப்படியும் லாபம்.

பெயின்டில் 1,500 எப்படிப் பிடித்தார்கள் என்று மட்டும் புரியவில்லை.

பழைய சர்வேயர், செவ்வாய் இரவு 8:00

பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் என்று எடுத்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 12,000இல் கால் 3,000, அதில் பாதி 1,500. மீதி கூலி, அதற்குப் பிடித்தம் இல்லை. பையன் சரியாகத்தான் போட்டிருக்கிறான். ஹெட்லைட்டுக்குச் சண்டை போடவில்லையே?

பனிமூட்டம், செவ்வாய் இரவு 8:10

போட்டேன். தோற்றேன்.

மஞ்சபோர்டு, செவ்வாய் இரவு 8:30

நடுவில் என் சந்தேகம் ஒன்று. எங்கள் ஓனர் செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கினார், ஆர்சி மாறிவிட்டது, இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஓனர் பெயரில். என்னிடம் இருப்பதும் சாதா எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ்தான், வணிக வண்டி ஓட்டும் பேட்ஜ் இல்லை. எங்காவது இடித்தால்?

கோர்ட்டோரம், செவ்வாய் இரவு 9:00

லைசென்ஸ் பிரச்சினை தீர்ந்தது. 7,500 கிலோவுக்குள் இருக்கும் வணிக வண்டியை எல்எம்வி லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் பெயர்தான் சிக்கல். கைமாறிய 14 நாளுக்குள் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். தேர்ட் பார்ட்டிப் பொறுப்பு வண்டியோடு போகும், அடிபட்டவருக்குக் கிடைக்கும். ஆனால் உங்கள் ஓனரின் தகரத்துக்கு ஒரு பைசா வராது. நாளைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

நெறியாளர், செவ்வாய் இரவு 9:05

பெயர் மாற்றம் பற்றி மேலும் கேட்பவர்கள் தனி இழை தொடங்கவும்.

பனிமூட்டம், 4 மாதம் கழித்து, வெள்ளி இரவு 9:15

இந்த இழையை மறக்கவில்லை. தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. முதல் எதிர்மனுதாரர் என்று என் பெயர், இரண்டாவது கம்பெனி. கேட்டிருப்பது ஆறு லட்சம். கவரைப் பிரித்ததும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

கோர்ட்டோரம், வெள்ளி இரவு 9:40

அம்மாவிடம் சொல்லுங்கள், வண்டி ஓனர் பெயர் முதலில் வருவதுதான் வழக்கம். கேட்பது வேறு, கிடைப்பது வேறு. செய்ய வேண்டியது: நோட்டீஸின் நகலை, லைசென்ஸ், பாலிசி நகலோடு கம்பெனி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். அவர்கள் வக்கீல் கம்பெனிக்காக வருவார். நீங்களும் முதல் வாய்தாவுக்குப் போய்விடுங்கள். போகாமல் விட்டு எக்ஸ்பார்ட்டி (ஆள் வராமலே வழக்கு நடப்பது) ஆனால், லைசென்ஸ் சரியில்லை, நிபந்தனை மீறல் என்று கம்பெனி ஏதாவது சொல்லும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. அந்த மாதிரி நிலையில் "கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூல் பண்ணு" என்று தீர்ப்பு வந்தால்தான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். உங்கள் பேப்பர் எல்லாம் சுத்தம், பயம் வேண்டாம்.

பழைய சர்வேயர், வெள்ளி இரவு 10:00

எல்லாம் சரியாக இருந்தும் கம்பெனி உங்கள் காருக்கான பணத்தில் வம்பு செய்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவு, ஒரு மாதம் பதில் இல்லையென்றால் சென்னையில் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படவில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பனிமூட்டம், 3 வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6:20

நோட்டீஸ் நகல் கொடுத்து சீல் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை முதல் வாய்தா, ஊட்டி கோர்ட்டுக்குப் போனேன். அவரும் வந்திருந்தார். இடது கை தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை, காபி டம்ளரை வலது கையில்தான் வாங்கினார். ஃபேக்டரியில் மூட்டை தூக்கும் வேலையிலிருந்து மாற்றி எடை போடுகிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்களாம், சம்பளம் குறைவு.

பேச்சே வரவில்லை. அவர்தான் கேட்டார், "அந்த ஹெல்மெட்டை வீட்டுல கொண்டுவந்து குடுத்தது நீங்கதானாமே?" என்று. ஆமாம் என்றேன். அவருடைய வக்கீல் அதை ஒரு பையில் போட்டுக் கேஸ் கட்டு மேல் வைத்திருந்தார், பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் வெளியே தெரிந்தது. சின்ன மகள் ஒட்டியது, அதைத் திருப்பிக் கேட்கிறாள், கேஸ் முடிகிற வரை தர முடியாது என்று சொல்லியிருக்கிறாராம்.

அடுத்த வாய்தா ஜூன் மாதம்.